சண்டை போடத் தெரிந்தவர்கள்: ஹாலிவுட்டின் ஸ்க்ரூபால் நகைச்சுவைப் படங்கள்

1934-இல் வெளிவந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தில், சாலையோர விடுதி அறை ஒன்றில், காலை நேரத்தில் ஒரு காட்சி வருகிறது. எல்லி, அப்பாவிடமிருந்து தப்பி ஓடிவந்த கோடீஸ்வரர் மகள். பீட்டர், வேலை போன நிருபர். இருவரும் பேருந்தில் சந்தித்து முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. கையில் காசு குறைவு என்பதால் கணவன் மனைவி என்று சொல்லி ஒரே அறையை எடுத்திருக்கிறார்கள். அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள் விடுதிக்கு வந்துவிடுகிறார்கள். பீட்டர் அவசரமாக அவள் தலைமுடியைக் கலைத்துவிடுகிறான். கதவு திறந்ததும் இருவரும் பல வருடம் குடித்தனம் நடத்திச் சலித்துப்போன தம்பதியைப் போலக் கத்திச் சண்டை போடத் தொடங்குகிறார்கள். என்றோ நடந்த ஒரு நடன விருந்தைப் பற்றிய பழைய வழக்கு ஒன்றைப் பீட்டர் இழுக்கிறான். அப்படி ஒரு விருந்து நடக்கவே இல்லை. ஆனால் எல்லி அதை அப்படியே பிடித்துக்கொண்டு தன் பங்குக்கு அழுது, திட்டி, குரலை உயர்த்துகிறாள். வந்தவர்கள் சங்கடப்பட்டு வெளியேறுகிறார்கள். நல்ல குடும்பத்துத் தம்பதியைத் தொந்தரவு செய்துவிட்டோமே என்று விடுதிக்காரருக்கு வருத்தம்.

கதவு மூடியதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதுவரை பீட்டருக்கு அவள் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட ஒரு பெண். எல்லிக்கு அவன் திமிர் பிடித்த ஓர் ஆள். அந்தப் பொய்ச் சண்டையில்தான் எதிரில் இருப்பது யார் என்று இருவருக்கும் முதல்முறையாகத் தெரிகிறது. ஒத்திகை இல்லை, சைகை இல்லை. ஒருவர் ஒரு வரியைப் போட்டால் மற்றவர் அடுத்த வரியைப் போடுகிறார். காதல் என்ற சொல் அந்தக் காட்சியில் இல்லை. ஆனால் படத்தின் காதல் அங்கேதான் பிறக்கிறது.

'ஸ்க்ரூபால்' என்று பெயர் பெற்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களின் கவர்ச்சி என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைக் காட்டலாம். பொதுவாகக் காதல் கதைகளில் சண்டை என்பது தடை. அது தீர்ந்தால்தான் காதலர்கள் சேர முடியும். இந்தப் படங்களில் சண்டைதான் காதலின் வடிவம். யார் யாருக்குப் பொருத்தம் என்பதை யாரோடு யார் நன்றாகச் சண்டை போட முடிகிறது என்பதை வைத்தே படம் முடிவு செய்கிறது.

பெயரும் காலமும்

ஸ்க்ரூபால் என்பது பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்த சொல். வழக்கமான வளைபந்து எந்தப் பக்கம் திரும்புமோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும்படி வீசப்படும் பந்து அது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் கூக்ளியை நினைத்துக்கொள்ளலாம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பல் இந்தப் பந்துக்குப் பேர்போனவர். 1934-ஆம் ஆண்டின் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக் உட்பட ஐந்து பெரிய ஆட்டக்காரர்களை அவர் வரிசையாக வெளியேற்றினார். கிறுக்குத்தனமான ஆள் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத பந்து, என்ன செய்வார் என்று தெரியாத ஆள். இரண்டும் இந்தப் படங்களுக்குப் பொருந்தும்.

இவற்றின் நல்ல காலம் ஏறக்குறைய 1934 முதல் 1942 வரை. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1933-இல் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாடக ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் ஹாலிவுட்டுக்கு வசனம் எழுத வந்துகொண்டிருந்தார்கள். பென் ஹெக்ட், சார்ல்ஸ் மக்ஆர்தர் இருவரும் சிகாகோ செய்தித்தாள்களில் வேலை பார்த்தவர்கள். பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் பிராட்வே நாடகத்திலிருந்து வந்தவர். மௌனப் படத்தின் நகைச்சுவை உடம்பில் இருந்தது. இவர்கள் கொண்டுவந்தது வாயில் இருந்தது. ஸ்க்ரூபால் படம் இரண்டையும் சேர்த்தது. இங்கே நாயகனும் நாயகியும் அடுக்கடுக்காகப் பேசுவார்கள், பேசிக்கொண்டே வழுக்கியும் விழுவார்கள்.

தணிக்கைதான் இந்தப் படங்களை உருவாக்கியது என்று பலரும் எழுதுவதுண்டு. 1930-இல் ஹாலிவுட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட தயாரிப்பு விதிகள், ஜோசப் பிரீனின் பொறுப்பில் 1934-இன் நடுப்பகுதியிலிருந்து கண்டிப்பாக அமலுக்கு வந்தன. படுக்கையைக் காட்ட முடியாததால் பேச்சைக் காட்டினார்கள் என்பது வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' அந்தக் கண்டிப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே வெளியாகிவிட்டது. அதிலேயே, இரண்டு கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு 'ஜெரிக்கோ மதில்' என்று விவிலியத்திலிருந்து பெயரும் வைத்தாகிவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தி அந்தப் போர்வை அங்கே வரவில்லை. மறைப்பு இருந்தால் பேச்சுக்குச் சூடு கூடும் என்பது இயக்குநர் ஃபிராங்க் காப்ராவுக்கும் எழுத்தாளர் ராபர்ட் ரிஸ்கினுக்கும் முன்பே தெரிந்திருந்தது. தணிக்கை பின்னர் மற்றவர்களையும் அந்த வழிக்குத் தள்ளியது என்று சொல்வதே சரி.

அந்தப் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. ஒரே படம் இந்த ஐந்தையும் பெற்றது அதுவே முதல்முறை. நாயகன் கிளார்க் கேபிளும் நாயகி கிளாடெட் கோல்பர்ட்டும் வேறு நிறுவனங்களிலிருந்து கொலம்பியாவுக்கு இரவலாக வந்து நடித்தவர்கள்.

எழுதிவைத்த பேச்சும் வாயில் வந்த பதிலும்

இந்தப் படங்களில் தோற்கும் ஆண் ஒருவன் எப்போதும் இருப்பான். நல்லவன், பெரும்பாலும் பணக்காரன், நாயகியைத் திருமணம் செய்யத் தயாராக நிற்பவன். 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) இரண்டிலும் ரால்ஃப் பெல்லமி என்ற நடிகரே இந்தப் பாத்திரத்தைச் செய்தார். அவரிடம் என்ன குறை? கொடுமைக்காரர் இல்லை, ஏமாற்றுக்காரர் இல்லை. கதாநாயகனோடு ஒப்பிட்டால் எத்தனையோ மேல். ஒரே குறை, அவர் பதில் சொல்ல நேரமாகும். வந்த வார்த்தையை உள்ளே வாங்கி, அதன் பொருளைச் சரிபார்த்து, ஒரு நல்ல பதிலை அவர் கண்டுபிடிப்பதற்குள் பேச்சு மூன்று திருப்பம் கடந்துவிடுகிறது.

'தி ஆஃபுல் ட்ரூத்'தில் ஓக்லஹோமா எண்ணெய்ப் பணக்காரர் டான் லீசனாக வரும் பெல்லமி, தான் எழுதிய காதல் கவிதையை லூசியிடம் வாசிக்கிறார். லூசியின் கணவன் ஜெர்ரி, அதாவது விவாகரத்துக் காலக்கெடு முடியக் காத்திருக்கும் கணவன், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பென்சிலால் அவள் விலாவைச் சீண்டுகிறான். கவிதை உருக உருக அவள் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிகிறாள். கவிதையில் சொல்லப்படும் அன்பு பொய் இல்லை. ஆனால் அது முன்பே எழுதி முடித்தது. லூசி முன்னால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். பென்சில் அப்படி இல்லை. அந்த நொடியில் அவள் என்ன செய்கிறாள் என்பதற்கு ஏற்றபடி அது அசைகிறது.

இதையே இன்னும் கடுமையாகச் சொல்லும் காட்சி ஸ்டர்ஜஸின் 'தி லேடி ஈவ்' (1941) படத்தில் இருக்கிறது. சார்ல்ஸ் பைக் மதுபான முதலாளியின் மகன், பாம்புகளை ஆராய்பவன், உலகம் தெரியாதவன். கப்பலில் சந்திக்கும் ஜீன், பணக்காரர்களைச் சீட்டாட்டத்தில் மொட்டையடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவள். இருவரும் உண்மையாகவே காதலிக்கிறார்கள். அவள் யார் என்று தெரிந்ததும் அவன் அவளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். பழிவாங்க அவள் ஈவ் என்ற ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்துப் பெண்ணாக அவன் வீட்டுக்கே வருகிறாள். அவன் இவளிடமும் காதலைச் சொல்கிறான். ஜீனிடம் சொன்ன அதே உருக்கமான வார்த்தைகள், சின்ன வயதிலிருந்தே உன்னைத் தெரிந்ததுபோல் இருக்கிறது என்ற அதே பேச்சு. அப்போது பின்னால் நிற்கும் குதிரை அவன் தலையை முகர்ந்து முகர்ந்து முட்டிக்கொண்டே இருக்கிறது. ஹென்றி ஃபோண்டா குதிரையைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, முகத்தில் பக்தி குறையாமல், வசனத்தைத் தொடர்கிறார். முதல்முறை கேட்டபோது நாமும் அந்த வார்த்தைகளை நம்பினோம். குதிரை நம்பவில்லை.

பார்பரா ஸ்டான்விக் ஜீனாகவும் ஈவாகவும் நடித்ததை இந்த வகைப் படங்களின் மிகச் சிறந்த நடிப்பு என்று நான் நினைக்கிறேன். கப்பலின் உணவுக்கூடத்தில் அவள் கைக்கண்ணாடியில் பின்னால் நடப்பதைப் பார்க்கும் காட்சி ஒன்று போதும். சார்ல்ஸின் கவனத்தைப் பெற ஒவ்வொரு பெண்ணும் என்னென்ன தந்திரம் செய்கிறாள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவள் நேர்முக வருணனை கொடுக்கிறாள். அவர்கள் மனதில் ஓடும் வசனத்தையும் அவளே பேசுகிறாள். கடைசியில் அவன் எழுந்து போகும்போது, ஒரு பேச்சும் இல்லாமல், காலை நீட்டி அவனைக் குப்புற விழ வைக்கிறாள். படம் பார்ப்பவளாகவும் படம் எடுப்பவளாகவும் அவளே இருக்கிறாள். அன்றைய ஹாலிவுட்டில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் தந்த காட்சிகள் குறைவு.

மீண்டும் அதே ஆள்

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஸ்டான்லி கவெல் 1981-இல் எழுதிய ஒரு நூலில் இந்தப் படங்களில் சிலவற்றை 'மறுமணத்தின் நகைச்சுவை' என்று வகைப்படுத்தினார். பழைய நகைச்சுவை நாடகங்களில் ஓர் இளம் ஜோடி தடைகளைத் தாண்டிச் சேரும். இங்கே முன்பே சேர்ந்து பிரிந்த ஜோடி மறுபடி சேர்கிறது. இந்த நாயகிகளின் வாழ்க்கையில் அம்மாக்கள் பெரும்பாலும் இல்லை என்பதையும் அவர் கவனித்தார். திருமணம் என்றால் என்ன என்று சொல்லித்தர யாரும் இல்லாத நிலையில், இருவரும் தாங்களே பேசிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

'தி ஆஃபுல் ட்ரூத்' இதற்கு நல்ல உதாரணம். ஜெர்ரி ஃபுளோரிடாவுக்குப் போனதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ இருந்துவிட்டு வருகிறான். வெயிலில் கறுத்தது போலத் தெரிய விளக்கொளியில் உடம்பைக் காட்டுகிறான். மனைவிக்கு ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வருகிறான். பழத்தின் மேல் கலிஃபோர்னியா என்று முத்திரை குத்தியிருக்கிறது. அதே காலையில் லூசி, தன் சங்கீத ஆசிரியரோடு, இரவு விருந்து உடையில் வீடு திரும்புகிறாள். வழியில் கார் பழுதாகிவிட்டது என்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. வழக்கு நீதிமன்றம் போகிறது. நாய் யாருக்கு என்பதுதான் அங்கே பெரிய தகராறு. 90 நாளில் விவாகரத்து முழுமையாகும்.

அவன் எங்கே இருந்தான்? அவள் சொன்னது உண்மையா? படம் கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. 'பயங்கரமான உண்மை' என்று தலைப்பு வைத்துவிட்டு அந்த உண்மையைச் சொல்லாமலே விடுவது இயக்குநர் லியோ மக்கேரியின் குறும்பு. உண்மை வெளியானால் சந்தேகம் தீரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்தப் படத்தில் சந்தேகம் தீர்வது வேறு வழியில். 90 நாள் முழுக்க அவர்கள் ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் மூக்கை நுழைத்துக் கெடுக்கிறார்கள். கெடுக்கக் கெடுக்க, இவ்வளவு சுவாரசியமாக வேறு யாராலும் நம்மைக் கெடுக்க முடியாது என்று தெரிந்துகொள்கிறார்கள். டான், லூசியை இழுத்துக்கொண்டு நடன அரங்கில் கைகாலை வீசி ஆடும்போது, ஜெர்ரி அரங்கின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரசிக்கிறான். பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்களுக்குக் காசு கொடுத்து மறுபடி வாசிக்கச் சொல்கிறான். பின்னால் லூசியும் சளைக்கவில்லை. ஜெர்ரி பெண் பார்த்திருக்கும் பெரிய வீட்டுக்கு, அவனுடைய நாகரிகமில்லாத தங்கையாக வேடம் போட்டுப் போய், கேளிக்கை விடுதி ஆட்டம் ஒன்றையும் ஆடிக்காட்டி, சம்பந்தத்தையே முறித்துவிடுகிறாள். ஜெர்ரி வெட்கப்படுவதும் ரசிப்பதும் ஒரே முகத்தில் தெரிகிறது. கேரி கிராண்ட் இளம் வயதில் வித்தைக் குழு ஒன்றில் பயின்றவர். உடம்பின் மீது அந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் முகத்தில் இத்தனையைக் காட்ட முடிந்தது.

நம் படங்களில் நெடுங்காலம் நகைச்சுவைக்குத் தனி நடிகரும் தனித் தடமும் இருந்தன. நாயகன் காதலிப்பான், சண்டை போடுவான். சிரிக்க வைக்க என்.எஸ். கிருஷ்ணனோ நாகேஷோ வருவார்கள். ஸ்க்ரூபால் படத்தில் அந்தப் பிரிவினை இல்லை. மிக அழகான ஆணும் மிக அழகான பெண்ணுமே கோமாளிகள். 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' கதை இந்தியாவுக்கு வந்தபோது முதலில் அடிபட்டது இதுதான். ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி' (1956) இந்திப் படமும், அந்தக் கதையின் சாயல் கொண்ட 'சந்திரோதயம்' (1966) தமிழ்ப் படமும் ஓடிவந்த பணக்காரப் பெண்ணையும் பத்திரிகைக்காரனையும் எடுத்துக்கொண்டன. ஆனால் காதல் பாட்டுக்குப் போய்விட்டது. பாட்டு வந்தபிறகு சண்டையில் காதலைச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போகிறது. அது இழப்பா என்றால், சங்கர் ஜெய்கிஷன் இசையைக் கேட்டபின் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது வேறொரு கலை.

வேகமும் மௌனமும்

ஹோவர்ட் ஹாக்ஸ் இந்த வகையை அதன் எல்லைக்கே கொண்டுபோனவர். 'பிரிங்கிங் அப் பேபி' (1938) படத்தில் கேரி கிராண்ட் ஒரு தொல்லுயிர் ஆய்வாளர். நான்கு வருடமாக ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைக் கோத்துக்கொண்டிருக்கிறார், ஒரே ஓர் எலும்பு பாக்கி. கேதரின் ஹெப்பர்ன் அவர் வாழ்க்கையில் நுழைகிறார், 'பேபி' என்ற சிறுத்தையோடு. எலும்பை நாய் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறது. வெளிவந்த காலத்தில் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. படத்தில் வரும் அத்தனை பேரும் கிறுக்கர்கள், சாதாரண ஆள் ஒருவர்கூட இல்லை, அதுதான் தவறு என்று ஹாக்ஸ் பின்னர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. முதல்முறை பார்த்தபோது பாதியில் எனக்குத் தலை வலித்தது. இரண்டாம் முறைதான் கிராண்ட் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறார் என்று கவனித்தேன். கண்ணாடி போகிறது, உடை போகிறது, பெயர் போகிறது, கடைசியில் எலும்புக்கூடும் சரிந்து விழுகிறது. அந்த நாள்தான் தன் வாழ்க்கையில் மிக நல்ல நாள் என்று அவரே ஒப்புக்கொள்ளும்போது நமக்கு ஆச்சரியமாக இல்லை.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' இன்னும் பெரிய படம். ஹெக்ட், மக்ஆர்தர் இருவரின் 'தி ஃபிரன்ட் பேஜ்' நாடகத்தில் நிருபர் ஹில்டி ஓர் ஆண். ஹாக்ஸ் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கி, ஆசிரியர் வால்டரின் முன்னாள் மனைவியும் ஆக்கினார். வேலையை விட்டுவிட்டு ஒரு காப்பீட்டு முகவரைத் திருமணம் செய்துகொண்டு அமைதியாக வாழப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக ஹில்டி அலுவலகத்துக்கு வருகிறாள். அவளைப் போகவிடாமல் செய்ய வால்டர் செய்யாத அயோக்கியத்தனம் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பொருள் இழக்காமல் இது நடக்க, வாக்கியத்தின் முன்னும் பின்னும் தேவையற்ற சில சொற்களைச் சேர்த்து எழுதினார்கள். அந்தச் சொற்கள் மீது எதிராளியின் பேச்சு ஏறினாலும் நடுவில் உள்ளது காதில் விழும். கேட்க எளிமை, செய்வது கடினம். ரோசலிண்ட் ரசல், தொப்பியும் கோடுபோட்ட உடையுமாக, கிராண்டுக்கு ஓரடிகூடப் பின்வாங்காமல் பேசுகிறார்.

ஆனால் இந்தப் படத்தை வெறும் வேகம் என்று நினைவில் வைத்திருப்பவர்கள் ஒரு காட்சியை மறந்துவிடுகிறார்கள். மறுநாள் காலை எர்ல் வில்லியம்ஸ் என்ற மனிதனைத் தூக்கில் போடப்போகிறார்கள். தேர்தல் வருகிறது, மேயருக்கும் ஷெரிஃபுக்கும் அந்தத் தூக்கு தேவை. அவனிடம் பரிவு காட்டிய மோலி என்ற பெண் நிருபர்கள் அறைக்கு வந்து, அவளைப் பற்றி அவர்கள் எழுதிய பொய்களுக்காக மன்றாடித் திட்டுகிறாள். அவர்கள் சீட்டாடிக்கொண்டே அவளைக் கேலி செய்கிறார்கள். நகைச்சுவைப் படத்தின் அதே வேகம், அதே வெடுக்கென்ற பதில்கள். இப்போது அது தாங்க முடியாததாக இருக்கிறது. ஹில்டி மோலியை மெல்ல வெளியே அழைத்துப் போகிறாள். அறையில் ஒருவரும் பேசவில்லை. படத்தில் முதல்முறையாக அமைதி. நிருபர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னர் மோலி ஜன்னல் வழியாகக் குதிக்கிறாள்.

வாய்ச்சாமர்த்தியத்தையே கொண்டாடும் ஒரு படம், அந்தச் சாமர்த்தியம் எதிராளி இல்லாத ஒருத்தியின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்றும் காட்டுகிறது. வால்டரும் ஹில்டியும் மோதும்போது நாம் சிரிப்பது இருவருக்கும் பதில் இருப்பதால். மோலியிடம் பதில் இல்லை. எந்தச் சண்டை விளையாட்டு, எந்தச் சண்டை வதை என்ற கேள்வி இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. ஹாக்ஸ் அதை மேலே கொண்டுவந்து வைத்தார்.

கசக்கும் இடங்கள்

அந்தக் கேள்வியை மற்ற எல்லாப் படங்களும் நேர்மையாகச் சந்திக்கவில்லை. ஜார்ஜ் கூக்கரின் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) புகழ்பெற்றது, அழகாக எடுக்கப்பட்டது. ஆனால் அதில் ஹெப்பர்னைச் சுற்றி நிற்கும் ஆண்கள் ஒவ்வொருவராக அவளுக்கு ஈரமில்லை, தெய்வச்சிலை போல் நிற்கிறாய் என்று பாடம் நடத்துகிறார்கள். மகளின் அன்பு போதாததால்தான் தான் வேறு பெண்ணைத் தேடினேன் என்று அப்பாவே சொல்கிறார். அவளிடம் பதில் இல்லாதபடி எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் கிராண்ட் அவள் முகத்தில் கை வைத்துத் தரையில் தள்ளுவதைப் பார்த்து அன்று திரையரங்கு சிரித்திருக்கும். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யும் முழுக்கத் தப்பவில்லை. கடைசிக் காட்சியில் வால்டர் கையை வீசிக்கொண்டு முன்னால் போகிறான், ஹில்டி தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் போகிறாள். தேனிலவுக்குப் போகும் வழியில் ஒரு வேலைநிறுத்தச் செய்தியும் சேகரிக்க வேண்டுமாம்.

கிரகரி லா காவாவின் 'மை மேன் காட்ஃப்ரி' (1936) பெருமந்தத்தை நேராகப் பார்க்கத் துணிந்தது. குப்பைமேட்டில் வாழும் மனிதர் ஒருவரைப் பணக்காரர்கள் தங்கள் விளையாட்டுப் போட்டிக்காகப் பிடித்துவருகிறார்கள், அவர் அந்த வீட்டிலேயே பட்லர் ஆகிறார். முதல் அரைமணி நேரத்தின் கோபம் கூர்மையானது. பிறகு அவரும் பெரிய குடும்பத்துப் பிள்ளைதான் என்று தெரிகிறது. குப்பைமேடு கேளிக்கை விடுதியாக மாறி அங்கே இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கிறது. வறுமைக்கு இப்படி ஒரு தீர்வு. நாயகன் வில்லியம் பவலும் நாயகி கரோல் லொம்பார்டும் நிஜத்தில் மணந்து விவாகரத்து செய்தவர்கள் என்பது அந்தப் படத்தின் மற்ற எல்லாவற்றையும்விட ஸ்க்ரூபால்.

கறுப்பின மக்களை இந்தப் படங்கள் நடத்தும் விதம் இன்னும் மோசம். பணியாளர், ரயில் சிப்பந்தி, அவ்வளவுதான். ஸ்டர்ஜஸின் 'தி பாம் பீச் ஸ்டோரி' (1942) படத்தில் குடிபோதையில் பணக்காரர்கள் ரயிலுக்குள் துப்பாக்கியால் சுடுகிறார்கள். பயந்து ஒளியும் கறுப்பினச் சிப்பந்தியின் பயத்தைப் பார்த்து நாம் சிரிக்கவேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. சரிசமமாகப் பேசுவதைப் பற்றிய கலை, யாரோடு சரிசமம் என்பதில் மிகக் குறுகிய கோட்டைப் போட்டது.

போர் வந்ததும் இந்த அலை அடங்கியது. லொம்பார்ட் 1942 ஜனவரியில், போர்ப் பத்திரம் விற்கும் பயணத்திலிருந்து திரும்பும்போது விமான விபத்தில் இறந்தார். பிற்காலத்தில் பீட்டர் பொக்டனோவிச் 'வாட்ஸ் அப், டாக்?' (1972) போன்ற படங்களில் பழைய பாணியை அன்போடு மீட்டுப் பார்த்தார். அவற்றில் வேகம் இருந்தது.

எங்கிருந்து தொடங்குவது

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கும் இந்தப் படங்கள் முதலில் சிரமம் தரும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசும்போது சப்டைட்டில் ஒருவரை விட்டுவிடுகிறது, அல்லது சிரிப்பு வரும் முன்பே வரி வந்துவிடுகிறது. ஒரு காட்சியை முதலில் வரிகளோடும் பிறகு வரிகள் இல்லாமலும் பார்ப்பது உதவும். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யும் 'மை மேன் காட்ஃப்ரி'யும் அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது 'தி ஆஃபுல் ட்ரூத்'தில் வசனமே தேவைப்படாத ஒரு காட்சியை.

மனைவியைச் சங்கீத ஆசிரியரோடு கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று ஜெர்ரி அந்த ஆசிரியரின் வீட்டுக்குள் பாய்கிறான். உள்ளே ஒரு சபையே உட்கார்ந்து கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கிறது. லூசி நின்று பாடிக்கொண்டிருக்கிறாள். பாடுவது ஐரீன் டன்னின் சொந்தக் குரல், முறையாகச் சங்கீதம் பயின்றவர். வேறு வழியில்லாமல் ஜெர்ரி கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நாற்காலியைப் பின்னால் சாய்க்கிறான். அது சரிகிறது. பக்கத்து மேசையும் அவனும் நாற்காலியும் சேர்ந்து பெரும் சத்தத்தோடு விழுகிறார்கள். எழ முயல முயல இன்னும் சிக்குகிறான். சபை திரும்பிப் பார்க்கிறது. லூசி பாட்டை நிறுத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பாட்டின் கடைசிச் சுரங்களுக்கு வரும்போது, தாளம் தப்பாமல், சுருதி விலகாமல், ஒரு சின்னச் சிரிப்பைப் பாட்டுக்குள்ளேயே சேர்த்துப் பாடி முடிக்கிறாள்.